எஸ்ஸெக்ஸ் ஆட்களைக் கொன்றது திமிங்கலம் இல்லை

மார்ச் 4, மாலை

வாசகர் ஒருவரின் கேள்வி: "1820-ல் எஸ்ஸெக்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலைத் திமிங்கலம் மோதி உடைத்ததில் பாதிக்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்களாமே. பசிபிக்கில் இதைவிடக் கோரமான விபத்து உண்டா?"

கோரம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் திமிங்கலம் மோதியதில் ஒருவர்கூடச் சாகவில்லை. அன்று கப்பலைச் சேர்ந்திருந்த 20 பேரும் காயமில்லாமல் மூன்று படகுகளில் ஏறிவிட்டார்கள். கையில் இரண்டு மாதத்துக்கு இழுத்துப் பிடிக்கக்கூடிய ரொட்டி இருந்தது, தண்ணீர் இருந்தது, திசை பார்க்கக் கருவி இருந்தது. அதற்குப் பிறகுதான் 12 பேர் செத்தார்கள். அந்தச் சாவுக்குக் காரணம் படகில் உட்கார்ந்து அவர்கள் எடுத்த ஒரு முடிவு. திமிங்கலத்தை மட்டும் பேசிவிட்டு இந்த முடிவைப் பேசாமல் விடுவது எனக்கு ஆறவே ஆறாது.

மார்ச் 4, இரவு

முன்கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். எஸ்ஸெக்ஸ் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த திமிங்கல வேட்டைக் கப்பல். நீளம் சுமார் 87 அடி, அதாவது இன்றைய சரக்குக் கப்பலின் ஒரு மூலையில் வைத்துவிடலாம். 1819 ஆகஸ்ட் 12-ல் புறப்பட்டது. கேப்டன் ஜார்ஜ் பொல்லார்டுக்கு வயது 28, கேப்டனாக அதுதான் முதல் பயணம். முதல் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) ஓவன் சேஸ், இரண்டாம் மேட் மாத்யூ ஜாய். கேபின் பையன் தாமஸ் நிக்கர்சனுக்கு 14 வயது.

புறப்பட்ட இரண்டாம் நாளே ஒரு திடீர்க் காற்று கப்பலைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டது. நிமிர்ந்துகொண்டது, ஆனால் வேட்டைப் படகுகளில் இரண்டு போய்விட்டன. ஊருக்குத் திரும்பிச் சரி செய்துகொண்டு வரலாம் என்றார் பொல்லார்டு. வேண்டாம், வழியில் படகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள் சேஸும் ஜாயும். கேப்டன் ஒத்துக்கொண்டார்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே மூன்று பேர், இதே மாதிரி ஒரு பேச்சு, இன்னொரு முறை நடக்கப்போகிறது.

மார்ச் 5

நவம்பர் 20, 1820. பூமத்தியரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, மேற்கு 119 டிகிரி பக்கம். தென் அமெரிக்கக் கரையிலிருந்து 2,000 மைலுக்கு மேல். படகுகள் வேட்டைக்கு இறங்கியிருந்தன. சேஸின் படகு அடிபட்டதால் அவர் கப்பலுக்குத் திரும்பி, டெக்கில் வைத்து அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு ஆண் ஸ்பெர்ம் திமிங்கலம் அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, கொஞ்சம் பின்னால் வந்து மோதியது, அப்புறம் விலகிப் போய்த் திரும்பி வந்து இரண்டாம் முறை நேராக அணியத்திலேயே மோதியது. 85 அடி இருக்கும் என்று சேஸ் எழுதியிருக்கிறார். அது பயத்தில் இருந்தவரின் கண் அளவு, அதற்கு மேல் அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். (நம் கடற்கரை மாவட்டங்களில் அம்பர்கிரீஸ் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அது இந்த இனத்தின் குடலில் உருவாவதுதான்.)

ஏன் மோதியது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். சேஸ் சுத்தியலால் அடித்த சத்தம் தண்ணீருக்குள் இன்னொரு ஆண் திமிங்கலத்தின் சத்தம் மாதிரி கேட்டிருக்கலாம் என்று ஒரு ஊகம் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. மிருகம் தன் வேலையைச் செய்தது. மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மார்ச் 6

சரி, முடிவுக்கு வருவோம்.

கப்பல் உடனே முழுதாக மூழ்கவில்லை. சாய்ந்து மிதந்த கப்பலை வெட்டித் திறந்து சுமார் 600 ராத்தல் ரொட்டியும், ஒவ்வொரு படகுக்கும் 65 கேலன் தண்ணீரும், கலாபகோஸ் தீவுகளில் பிடித்து வைத்திருந்த ஆமைகளில் சிலவும் எடுத்துவிட்டார்கள். படகுகளுக்குப் பாய்மரம் நட்டார்கள், அலை உள்ளே அடிக்காமல் இருக்கப் பலகை வைத்து ஓரத்தை அரை அடி உயர்த்தினார்கள். எல்லாம் இரண்டு நாளில். கடல் தெரிந்தவர்களின் வேலை, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிறகு எங்கே போவது? பொல்லார்டு சொன்னது: சொசைட்டி தீவுகள், அதாவது டஹிட்டி இருக்கும் பக்கம். சேஸும் ஜாயும் மறுத்தார்கள். அந்தத் தீவுகளில் மனிதரைத் தின்பவர்கள் இருக்கிறார்கள் என்று பயம். அதற்குப் பதில் தெற்கே 25 டிகிரி வரை இறங்கி, அங்கே திசை மாறி மாறி வீசும் காற்றைப் பிடித்து, கிழக்கே திரும்பித் தென் அமெரிக்கா போய்விடலாம் என்றார்கள். பொல்லார்டு இரண்டாம் முறையும் விட்டுக்கொடுத்தார்.

வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் ஆண்டு முழுக்க வீசுவது தென்கிழக்கு வணிகக் காற்று. மேற்கே போகிறவனை அது தள்ளிவிடும், கிழக்கே போகிறவனின் முகத்தில் அடிக்கும். மார்க்கேசாஸ் தீவுகள் மேற்கே ஏறத்தாழ 1,300 கடல் மைல். அந்தக் காற்றில் ஒரு சின்னப் பாய்ப் படகு நாளுக்கு 70 மைல் போகும் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 20 நாளுக்குள் கரை. டஹிட்டி ஏறத்தாழ 2,000 கடல் மைல், ஒரு மாதம். கையில் இருந்ததோ 60 நாளுக்கு என்று பிரித்து வைத்த சாப்பாடு. இதை விட்டுவிட்டு ஏறத்தாழ 4,500 மைல் சுற்றுப்பாதையை, அதில் முதல் பாதி காற்றுக்கு முகம் கொடுத்துப் போகும் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என் பெரியப்பா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக, அதாவது தோணியை நடத்துபவராக, இருந்தவர். கொழும்புக்கு உப்பும் வெங்காயமும் ஓட்டம். பாய்த் தோணி காலத்து ஆள். அவர் எப்போதும் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்கமாட்டார், காற்று எங்கே போகிறது என்றுதான் கேட்பார். கச்சான் காற்று வலுத்தால் போக நினைத்த துறையை விட்டுவிட்டு, காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் துறைக்குப் போய்க் காத்திருப்பார். பிற்காலத்தில் நான் எஞ்சின் கப்பலில் டெக் அதிகாரியாகப் போன பிறகு இந்தப் பாடம் எனக்குத் தேவைப்படவே இல்லை. எஸ்ஸெக்ஸ் பற்றிப் படித்தபோதுதான் பெரியப்பா ஞாபகம் வந்து உறைத்தது.

மார்ச் 6, சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போனது. டஹிட்டியில் 1797 முதலே ஆங்கில மிஷனரிகள் குடியிருந்தார்கள். 1820-ல் அங்கே போயிருந்தால் இவர்களை வரவேற்றிருப்பது பாதிரியாரும் தேநீரும்தான்.

மார்ச் 8

"வீட்டில் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு நடுக்கடலில் இருந்தவனைக் குறை சொல்வது சுலபம்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயமான கோபம். அவருக்காக எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன்.

மார்க்கேசாஸ் பற்றிய பயம் வெறும் கற்பனை இல்லை. அமெரிக்கக் கடற்படையின் டேவிட் போர்ட்டர் 1813-ல் மார்க்கேசாஸில் ஒரு தீவான நூக்கு ஹீவாவில் இறங்கி, அங்கிருந்தவர்களோடு சண்டையும் போட்டிருந்தார். அந்தக் கதைகள் நான்டக்கெட்டுக்கும் வந்திருக்கும். அதுபோக, திமிங்கல வேட்டைக்காரர்களுக்குத் தென் அமெரிக்கக் கரை பழகிய இடம், நடு பசிபிக் புதிது. பழகிய இடத்தை நோக்கி மனம் ஓடுவது இயல்பு.

இன்னொரு ஆளையும் பாருங்கள்: வில்லியம் பிளை. அவர் கேப்டனாக இருந்த பவுன்ட்டி என்ற ஆங்கிலக் கப்பலில் 1789 ஏப்ரல் 28-ல் கலகம் நடந்து, அவரையும் இன்னும் 18 பேரையும் 23 அடிப் படகு ஒன்றில் இறக்கிவிட்டார்கள். டோஃபுவா தீவில் தண்ணீர் தேடி இறங்கியபோது தீவினர் தாக்கி ஜான் நார்ட்டன் என்பவரைக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு பிளை மக்கள் வாழும் தீவு எதிலும் இறங்கவில்லை. ஃபிஜித் தீவுகளுக்கு நடுவே புகுந்து, துரத்திய படகுகளிடமிருந்து தப்பி, நிற்காமல் போனார். ஜூன் 14-ல் டிமோரின் கூப்பாங் துறையில் தன்னோடு சேர்த்து மீதி 18 பேரையும் உயிரோடு சேர்த்தார். சுமார் 3,600 கடல் மைல். தேங்காய்ச் சிரட்டையில் தராசு செய்து, துப்பாக்கிக் குண்டை எடைக்கல்லாக வைத்து ரொட்டி நிறுத்துக் கொடுத்தார்.

ஆக, பிளைக்கும் தீவினர் பயம் இருந்தது. எஸ்ஸெக்ஸ் ஆட்களுக்கும் இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் பிளை பயந்துகொண்டே காற்றின் போக்கில் மேற்கே போனார். மழையும் கிடைத்தது. இவர்கள் பயந்துபோய்க் காற்றை எதிர்த்தார்கள். பயப்பட்டதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. பயத்தைக் காற்றின் கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

மார்ச் 8, இரவு

இன்னும் கொஞ்சம் யோசித்தேன். பிளையின் படகில் ஒரு ஆள் சொல் கேட்டார்கள். அவருடைய குணம் நல்லதோ கெட்டதோ, படகில் அவர் ஒருவர்தான் கேப்டன். எஸ்ஸெக்ஸ் படகுகளில் சரியான யோசனை கேப்டனிடம் இருந்தது, பிடிவாதம் மேட்களிடம் இருந்தது. பிரிட்ஜில் நின்றவர்களுக்கு இது எப்படிப்பட்ட நிலைமை என்று தெரியும். நான் இரண்டாம் அதிகாரியாக இருந்த ஒரு கப்பலில் கேப்டன் மிக மென்மையானவர், சீஃப் மேட் குரல் உயர்ந்தவர். புயல் ஒன்றைத் தெற்கே சுற்றிப் போகலாம் என்று கேப்டன் சொன்னதைச் சீஃப் மேட் பேசியே மாற்றினார், பிறகு அந்தப் புயலின் ஓரத்தில் நாங்கள் வாங்கிய அடியில் கொள்கலன்கள் சரிந்தன. நானும் வாயைத் திறக்கவில்லை, திறக்கும் இடத்தில் நான் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். படகில் இருந்த 20 பேரில் 17 பேரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 9

வில்லியம் பாண்ட் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

கப்பல் சாய்ந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த கேபினுக்குள் திரும்பத் திரும்ப ஓடி, கேப்டனுடைய பெட்டியையும் மேட்டினுடைய பெட்டியையும், இரண்டு குவாட்ரண்ட் கருவிகளையும், வழிகாட்டி நூல்கள் இரண்டையும் வெளியே கொண்டுவந்தவர் அவர். கறுப்பின ஊழியர், கப்பலின் ஸ்டூவர்ட். யாரும் அவருக்கு உத்தரவிட்டதாகத் தெரியவில்லை. சூரியன் உயரத்தை அளந்து அட்சரேகை பார்க்காமல் இந்த மூன்று படகுகளும் ஒரு தீவையும் பார்த்திருக்காது, ஒரு கப்பல் பாதையையும் தொட்டிருக்காது. தப்பித்த எட்டுப் பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

குவாட்ரண்ட் இரண்டுதான், ஒன்று பொல்லார்டு படகுக்கு, ஒன்று சேஸ் படகுக்கு. மூன்றாவது படகுக்குக் கிடையாது. கடைசியில் பாண்ட் இருந்தது அந்த மூன்றாவது படகில்தான். ஜனவரி கடைசியில் ஓர் இரவு அது பொல்லார்டின் படகிலிருந்து பிரிந்தது. அதில் ஓபெட் ஹென்ட்ரிக்ஸ், ஜோசஃப் வெஸ்ட், வில்லியம் பாண்ட். மூவரையும் அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 11

ஹென்டர்சன் தீவு. இந்தப் பகுதி எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி.

டிசம்பர் 20, அதாவது கப்பல் போய் சரியாக ஒரு மாதத்தில் தரை கண்டார்கள். டூசி தீவு என்று நினைத்தார்கள், உண்மையில் அது ஹென்டர்சன். ஆள் இல்லாத பவளப்பாறைத் தீவு. பறவை, முட்டை, நண்டு, ஏதோ ஒரு கீரை. தண்ணீர் தேடித் தேடிச் சலித்த பிறகு, கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் பாறையில் ஒரு நன்னீர் ஊற்று கிடைத்தது. ஒரு வாரத்தில் தீவில் தின்னக்கூடியதெல்லாம் தீர்ந்துவிட்டது. 27-ம் தேதி வாக்கில் 17 பேர் திரும்பவும் படகேறினார்கள். தாமஸ் சாப்பல், சேத் வீக்ஸ், வில்லியம் ரைட் மூவரும் நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று தங்கிவிட்டார்கள்.

இப்போது வரைபடத்தில் ஹென்டர்சனுக்கு மேற்கே தென்மேற்காகக் கொஞ்சம் நகருங்கள். 200 கிலோமீட்டர்கூட இல்லை. பிட்கேர்ன் தீவு. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போகும் தூரத்தைவிடக் குறைவு. அங்கே ஆங்கிலம் பேசும் ஒரு சிறிய ஊரே இருந்தது. மேலே சொன்ன பவுன்ட்டி கலகக்காரர்கள் 1790 ஜனவரியில் அங்கே குடியேறிக் கப்பலை எரித்துவிட்டார்கள். அவர்களில் கடைசி ஆள் ஜான் ஆடம்ஸ் 1820-ல் உயிரோடு இருந்தார். தோட்டம், ஆடு, பன்றி, கோழி, தண்ணீர் எல்லாம் இருந்தன.

பிட்கேர்னில் இப்படி ஓர் ஊர் இருப்பதை 1808-ல் முதலில் கண்டுபிடித்தது டோபாஸ் என்ற கப்பல். அதன் கேப்டன் மேஹியூ ஃபோல்ஜர். அவர் பிறந்த ஊர் நான்டக்கெட்.

காற்று கிழக்கிலிருந்து. பாயை விரித்தால் இரண்டு மூன்று நாள். ஆனால் தாங்கள் நிற்பது எந்தத் தீவு என்றே சரியாகத் தெரியாதபோது பக்கத்துத் தீவு எது என்று எப்படித் தெரியும்? தீர்க்கரேகை பார்க்க அவர்களிடம் வழி இல்லை. ஈஸ்டர் தீவைக் குறி வைத்துக் கிழக்கே போனார்கள், காற்று அவர்களைத் தெற்கே தள்ளியதில் அதையும் தவறவிட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 12

தண்ணீர் பற்றிக் கேட்டவருக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை பைண்ட், அதாவது கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பூமத்தியரேகைப் பக்கத்து வெயிலில், நிழல் இல்லாத படகில். இதில் இன்னொரு கொடுமை: ரொட்டியில் ஒரு பகுதி அலையில் நனைந்துவிட்டது, கெட்டுப்போகுமுன் தீர்த்துவிடலாம் என்று அதை முதலில் தின்றார்கள். உப்பேறிய ரொட்டி தாகத்தை ஏற்றியது. வீட்டில் எந்தப் பாட்டியும் செய்வதுதான், கெடுகிறதை முதலில் தீர்ப்பது. கடலில் அது ஆளைக் கொல்லும்.

இன்றைய லைஃப்போட்டில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரும் 10,000 கிலோஜூல் உணவும் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. டிரில்லின்போது அந்தத் தண்ணீர்ப் பொட்டலங்களையும் பிஸ்கட்டையும் எடுத்துத் தேதி பார்த்துத் திரும்ப அடுக்கியிருக்கிறேன். பையன்கள் அதை வெட்டி வேலை என்பார்கள். நான் அவர்களுக்கு எஸ்ஸெக்ஸ் கதை சொல்வேன்.

மார்ச் 12, இரவு

"அவர்கள் 95 நாளும் தரையையே பார்க்காமல் போனார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, நேற்று எழுதியதைப் பாருங்கள், நடுவில் ஒரு வாரம் ஹென்டர்சன்.

மார்ச் 14

இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லாரும் கேட்பது இதைத்தான்.

ஜனவரி 10-ல் மாத்யூ ஜாய் இறந்தார், அவர் ஏற்கெனவே நோயாளி. அவரைக் கடலில் அடக்கம் செய்தார்கள். 12-ம் தேதி இரவுப் புயலில் சேஸின் படகு தனியாகப் பிரிந்துவிட்டது. சேஸ் தன் படகில் ரொட்டியை ஒரு நாளைக்கு ஒன்றரை அவுன்ஸாகக் குறைத்தார், அதாவது 40 கிராம் சொச்சம். அவர் படகில் இருந்த ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற வயதான கறுப்பினத்தவர் ஒரு நாள் என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவட்டும் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனார். அவரையும் கடலில்தான் இறக்கினார்கள்.

மற்ற இரண்டு படகுகளிலும் ஜனவரி 20 முதல் 28-க்குள் நான்கு பேர் இறந்தார்கள். லாசன் தாமஸ், சார்லஸ் ஷார்ட்டர், ஐசாயா ஷெப்பர்ட், சாமுவேல் ரீட். ரொட்டி முடிந்துவிட்ட நிலையில் அவர்கள் உடல்களை மற்றவர்கள் தின்றார்கள். நான்கு பேருமே கறுப்பினத்தவர்கள்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். கப்பல் உடைந்தபோது இருந்த 20 பேரில் 6 பேர் கறுப்பர்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. படகில் பங்கு சமமாகத்தான் பிரித்தார்கள். அப்புறம் ஏன்? படகேறும் முன்பே கப்பலில் அவர்கள் சாப்பாடு மட்டம், தங்கும் இடம் மட்டம் என்பதுதான் பலரும் சொல்லும் காரணம், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பட்டினி தொடங்கும்போது உடம்பில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் அவர்கள் ஏற்கெனவே பின்தங்கியிருந்தார்கள். தப்பிய எட்டுப் பேரில் ஐந்து பேர் நான்டக்கெட்காரர்கள், மீதி மூவர் தீவில் தங்கியவர்கள்.

பிப்ரவரி 8-ல் சேஸின் படகில் ஐசக் கோல் இறந்தபோது அங்கேயும் அதே முடிவுதான். மனிதரைத் தின்பவர்களிடம் போய்விடக் கூடாது என்று திசை திருப்பியவர்கள். இதைப் பலர் ஒரு சுவாரசியமான முடிச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்குத் தெரியும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று.

மார்ச் 15

ஓவன் காஃபின். சுருக்கமாக மட்டும். பொல்லார்டு படகில் நான்கு பேர் மிஞ்சியபோது சீட்டுப் போட்டார்கள். பொல்லார்டின் பெரியம்மா சித்தி வகையில் தம்பி முறை, பதின்வயதுப் பையன் காஃபின் பேருக்கு விழுந்தது. சுடவேண்டியவர் யார் என்ற சீட்டு அவனுடைய நண்பன் சார்லஸ் ராம்ஸ்டெல் பேருக்கு. உனக்குப் பதில் நான் என்று பொல்லார்டு சொல்லிப் பார்த்தார், பையன் ஒத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 6, 1821. அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக அவன் தாயிடம் சொல்லிவிட்டு வந்தவர் பொல்லார்டு. ஊர் திரும்பியதும் அந்தத் தாய் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

பிப்ரவரி 18-ல் சேஸ், லாரன்ஸ், நிக்கர்சன் மூவரையும் இண்டியன் என்ற ஆங்கிலக் கப்பல் எடுத்தது. 23-ல் பொல்லார்டையும் ராம்ஸ்டெல்லையும் சிலிக் கரைக்குப் பக்கத்தில் டாஃபின் என்ற நான்டக்கெட் கப்பல் எடுத்தது.

மார்ச் 19

இதெல்லாம் எப்படித் தெரியும், யார் எழுதி வைத்தது என்று கேட்டவருக்கு.

முதலில் எழுதியவர் சேஸ். அதே 1821-லேயே புத்தகமாக வந்துவிட்டது. நீண்ட காலம் உலகம் நம்பியது அவர் சொன்னதை மட்டுமே. கேபின் பையன் நிக்கர்சன் முதிய வயதில், 1876-ல், தன் நினைவுகளை எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1960-ல்தான் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது, 1984-ல் அச்சாகியது.

சேஸ் சொல்லாத ஒன்றை நிக்கர்சன் சொல்கிறார். முதல் மோதலுக்குப் பிறகு திமிங்கலம் கப்பலுக்குப் பக்கத்திலேயே, ஈட்டி எட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது. சேஸ் ஈட்டியைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்திவிட்டார். அதன் வால் சுக்கானுக்கு அருகில் இருந்தது, துடித்தால் சுக்கான் போய்விடும் என்று. கப்பலைக் காப்பாற்ற நினைத்துத்தான் விட்டிருக்கிறார். அந்த நிமிடத்தில் நான் இருந்தாலும் சுக்கானைத்தான் பார்த்திருப்பேன். ஆனால் எழுதும்போது அதைவிட்டது வேறு விஷயம். பொல்லார்டு டஹிட்டி பக்கம் போகலாம் என்று சொன்னதை அழுத்திச் சொல்வதும் நிக்கர்சன்தான். தலைமை எடுத்தவரின் குறிப்பை மட்டும் வைத்து ஒரு கப்பலின் கதையை முடிவு செய்யக் கூடாது, அடுப்படியிலும் கேபின் வாசலிலும் நின்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மார்ச் 20

தீவில் தங்கிய மூவர் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனாம், இரண்டு பேர் நினைவூட்டினார்கள்.

சிலியின் வால்பரைஸோ துறைக்குச் செய்தி வந்ததும், சிட்னிக்குப் புறப்படவிருந்த சர்ரி கப்பலின் கேப்டன் தாமஸ் ரெய்னிடம் டூசி தீவைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ரெய்ன் டூசிக்குப் போனார், யாரும் இல்லை. அங்கேயே கைகழுவியிருக்கலாம். இவர்கள் தீவைத் தவறாகக் கணித்திருப்பார்கள் என்று யோசித்து ஹென்டர்சனுக்குப் போய்ப் பீரங்கி வெடித்தார். மூன்று பேரும் புதரிலிருந்து வெளியே வந்தார்கள். 1821 ஏப்ரல். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இரண்டு பேரில் ஒருவர் பாண்ட், இன்னொருவர் ரெய்ன். சர்ரி அங்கிருந்து போனது எங்கே தெரியுமா? பிட்கேர்ன். தாங்கள் மூன்று மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்த பாறைக்குப் பக்கத்திலேயே தோட்டமும் ஊரும் இருந்ததை அந்த மூவரும் பார்த்தார்கள்.

(ஹென்டர்சன் இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம். ஆள் இல்லாத அந்தத் தீவில் சுமார் 3.8 கோடி பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதாக 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. கடல் நீரோட்டம் கொண்டுவந்து கொட்டியது. இதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

மார்ச் 23

சிலியில் தாமிரத் தாது ஏற்றிச் சீனா போகும் ஓட்டத்தில் நான் அந்தக் கடற்பகுதியைக் கடந்திருக்கிறேன். அப்போது எஸ்ஸெக்ஸ் தெரியாது. நினைவிருப்பது ராடார் திரையில் நாள் கணக்காக ஒரு புள்ளிகூட வராததுதான். ஜிபிஎஸ், சாட்டிலைட் போன், ஆபத்துச் சமிக்ஞைக் கருவி எல்லாம் இருந்தும் அந்த வெறுமை கொஞ்சம் அடிவயிற்றைப் பிசையும். இதைச் சொல்வது 8-ம் தேதி கோபப்பட்டவருக்காக. நான் ஃபேன் காற்றில் மட்டும் உட்கார்ந்தவன் இல்லை. அந்த இடத்தில் பழகிய கரையை நோக்கி மனம் எப்படி இழுக்கும் என்பது எனக்கும் தெரியும்.

மார்ச் 27

கடைசிக் கேள்வி, பொல்லார்டு கேப்டனாக இருக்கவே தகுதி இல்லாதவர்தானே என்று.

எஸ்ஸெக்ஸுக்குப் பிறகு அவருக்கு டூ பிரதர்ஸ் என்ற கப்பல் கொடுத்தார்கள். 1823 பிப்ரவரியில் ஹவாய்க்கு வடமேற்கே ஃபிரெஞ்சு ஃபிரிகேட் பவளத்திட்டில் இரவில் மோதி அதுவும் போயிற்று. பொல்லார்டு கப்பலை விட்டு இறங்க மறுத்து நின்றார், ஆட்கள்தான் இழுத்துப் படகில் ஏற்றினார்கள். மறுநாள் கூட வந்த மார்த்தா என்ற கப்பல் அனைவரையும் எடுத்துக்கொண்டது, ஒரு உயிரும் போகவில்லை. அதன் பிறகு யாரும் அவரிடம் திமிங்கல வேட்டைக் கப்பல் தரவில்லை, பிற்காலத்தில் நான்டக்கெட்டில் இரவுக் காவலாளியாக இருந்தார். அவரை எதிர்த்து வாதாடிய சேஸ் பிற்காலத்தில் தானே கேப்டனாகிக் கப்பல் ஓட்டினார். டூ பிரதர்ஸின் நங்கூரமும் எண்ணெய் காய்ச்சும் இரும்புக் கொப்பரைகளும் 2008-ல் கடலடியில் கிடைத்தன.

தகுதி பற்றி: அவருடைய கணிப்பு இரண்டு முறையும் சரி. திரும்பிப் போவோம் என்றது சரி, டஹிட்டி என்றது சரி. அதில் நிற்கவில்லை என்பதுதான் குறை, அது பெரிய குறை, அதன் விலை 12 உயிர். ஆனால் தகுதியே இல்லாதவர் என்பதை நான் ஏற்கமாட்டேன். டூ பிரதர்ஸில் பொல்லார்டின் கீழ் வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் நிக்கர்சனும் ராம்ஸ்டெல்லும். ஒருவர் அவரை எஸ்ஸெக்ஸ் டெக்கில் பார்த்தவர், இன்னொருவர் அந்தப் படகில் கடைசி வரை அவரோடு இருந்தவர். நான்டக்கெட்டில் வேறு கேப்டன்களுக்குப் பஞ்சம் இல்லை.